‘பிரேக்கைத்தான் மிதித்தேன்!’ - காலும் காரும் முரண்படும் கணம்

தென்கொரியத் தலைநகர் சோலின் இதேவோன் பகுதியில், 2023 நவம்பரில் ஒரு மின்சார டாக்ஸி கட்டுப்பாட்டை இழந்து குடியிருப்பு ஒன்றின் மதில்சுவரில் மோதியது. ஓட்டுநருக்கு வயது 65. சந்தில் வலப்புறம் திரும்பும்போது பிரேக்கை மிதித்ததாகவும், வண்டி நிற்காமல் தானாகவே வேகமெடுத்ததாகவும் அவர் கூறினார். இத்தகைய வாக்குமூலங்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை மெய்யா பொய்யா என்று முடிவுகட்ட முடியாமலேயே கோப்புகளில் உறங்குகின்றன.

இந்த வழக்கு வேறுபட்டது. அந்த டாக்ஸியில் பொருத்தப்பட்டிருந்த 6 காமிராக்களில் ஒன்று ஓட்டுநரின் காலடியை நோக்கியிருந்தது. அதில் பதிவான காட்சி இதுதான்: முதல் 3 விநாடிகளில் அவர் ஆக்சிலரேட்டரை 6 முறை மிதித்து மிதித்து விடுகிறார். 7ஆவது முறை மிதித்த காலைச் சுவரில் மோதும்வரை எடுக்கவே இல்லை. 7.9 விநாடிகளில் வண்டி 119 மீட்டர் ஓடியிருக்கிறது. மோதும் தறுவாயில் அதன் வேகம் மணிக்கு சுமார் 61 கிலோமீட்டர். இந்த நேரம் முழுவதும் பிரேக் பெடல் ஒருமுறைகூட மிதிக்கப்படவில்லை. தென்கொரிய அதிகாரிகள் இந்த விபத்தின் ஆய்வை, வாகனப் பாதுகாப்பு விதிகளை வகுக்கும் ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் கூட்டத்திலேயே முன்வைத்தனர்.

அப்படியானால் ஓட்டுநர் பொய் சொன்னாரா? இல்லை என்பதற்கே வாய்ப்பு மிகுதி. தான் பிரேக்கை மிதிப்பதாகவே அவர் நம்பினார். ‘திடீர் வேகமெடுப்பு’ என்று சொல்லப்படும் விபத்துகளின் மையத்தில் இருக்கும் புதிர் இந்த நம்பிக்கைதான். அதைப் புரிந்துகொள்ளாமல் ஓட்டுநரைத் தண்டிப்பதோ கார் நிறுவனத்தைச் சாடுவதோ அடுத்த விபத்தைத் தடுக்காது.

பழைய கதை, புதிய பெயர்கள்: 1986 நவம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சி, ஆடி 5000 ரகக் கார்கள் தாமாகவே பாய்ந்து உயிர்களைப் பறிப்பதாகக் கூறியது. அதன் விளைவு கடுமையாக இருந்தது. 1985இல் அமெரிக்காவில் 74,061 கார்களை விற்ற ஆடி நிறுவனம், 1991இல் 12,283 கார்களையே விற்றது.

அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 1989இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, பல நிறுவனங்களின் கார்களையும் பிரித்து ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தது: வண்டி முழு விசையோடு பாய்ந்து, அதே வேளையில் பிரேக்கும் வேலை செய்யாமல் போனதாகச் சொல்லப்பட்ட விபத்துகளில், இயந்திரக் கோளாறு எதுவும் கண்டறியப்படாத நிலையில், ஓட்டுநர் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆனால், அந்த அறிக்கை ஓட்டுநர்மீது மட்டும் பழிபோட்டுவிட்டு ஒதுங்கவில்லை. ஆடி காரின் பெடல்கள் அமைந்திருந்த விதம் கால் தடுமாற இடம்கொடுத்தது. என்ஜினின் நிலைவேகத்தைச் சீராக்கும் கருவியில் ஏற்பட்ட சிறு கோளாறு வண்டியைச் சற்றே உந்தி ஓட்டுநரைத் திடுக்கிடச் செய்தது. அந்தத் திடுக்கிடலில் கால் தவறான பெடலை அழுத்தியது என்று சங்கிலித் தொடராக அது விளக்கியது. பிரேக்கை மிதித்தால் மட்டுமே நிறுத்த நிலையிலிருந்து கியரை மாற்ற முடியும் என்னும் பூட்டு, தானியங்கி கியர் கார்களில் பரவலானது இந்தச் சர்ச்சைக்குப் பிறகுதான். தவறு மனிதருடையது, அதைத் தடுக்கும் வழியோ இயந்திரத்தில் கிடைத்தது.

கால் ஏன் தவறுகிறது? இந்தக் கேள்விக்கு விளக்கம் அளித்தவர்களில் முக்கியமானவர், உடலசைவுகளை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் ஷ்மிட். 1989இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் சாரம் இது: ஓட்டுநர் தவறான பெடலைத் தேர்ந்தெடுப்பதில்லை. மூளை ‘பிரேக்’ என்றுதான் கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளையைத் தசைகள் நிறைவேற்றும்போது ஏற்படும் இயல்பான ஏற்றத்தாழ்வால் கால் சில சென்டிமீட்டர் விலகி இறங்கிவிடுகிறது. 

பழகிய வீட்டில் இருட்டில் சுவிட்சைத் தேடும் கையை எண்ணிப் பார்க்கலாம். ஆயிரம் முறை சரியாகப் போய்த் தொட்ட கை, என்றோ ஒருநாள் ஓர் அங்குலம் தள்ளிச் சுவரைத் தட்டும். காரின் பெடல்களையும் நாம் கண்ணால் பார்த்து மிதிப்பதில்லை. உடலின் நினைவைக் கொண்டே மிதிக்கிறோம். பின்பக்கம் திரும்பிப் பார்த்து வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போதோ, சுங்கச்சாவடியில் பணம் கொடுக்க வெளியே சாயும்போதோ இடுப்பு சற்றுத் திரும்புகிறது. அதோடு காலின் குறியும் நகர்கிறது.

சுவிட்ச் விஷயத்தில் விளக்கு எரியாததால் பிழை உடனே தெரிந்துவிடும். பெடல் விஷயத்தில் நடப்பது நேர்மாறானது. மூளை பிரேக்குக்குக் கட்டளையிட்டது. காலுக்கடியில் ஒரு பெடல் அழுந்துகிறது. ஆகவே பிரேக்கை மிதித்தாயிற்று என்று மனம் கணக்கை முடித்துவிடுகிறது. வண்டி பாயும்போது அதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றுகிறது: பிரேக் பிடிக்கவில்லை. பிரேக் பிடிக்காவிட்டால் என்ன செய்வோம்? இன்னும் ஓங்கி மிதிப்போம். அப்படி மிதிக்க மிதிக்க வண்டி மேலும் சீறுகிறது. பீதியில் உறைந்த மனம் வேறு வழியைத் தேடாமல் அதே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. இவ்வளவும் நடந்து முடிய 5 முதல் 10 விநாடிகள் போதும். இதேவோன் டாக்ஸியில் 7.9 விநாடிகள்.

விபத்துக்குப் பிறகு ஓட்டுநர் அளிக்கும் வாக்குமூலம் அவரது நினைவில் பதிந்த உண்மை. அவரைப் பொய்யர் என்பது எவ்வளவு தவறோ, அவரது நினைவை அப்படியே சான்றாகக் கொள்வதும் அவ்வளவு தவறு.

டாக்ஸிகளில் ஏன் கூடுதல் கவனம் வேண்டும்? பெடல் குழப்பம் எவருக்கும் நேரக்கூடும். அமெரிக்காவில் வட கரோலினா மாநில விபத்துப் பதிவுகளை ஆராய்ந்தபோது, 20 வயது வரையிலான இளையோரும் 76 வயதைக் கடந்த முதியோரும் இவ்வகை விபத்துகளில் அளவுக்கு மீறிய பங்கு வகிப்பது தெரியவந்தது. அனுபவக் குறைவு ஒரு முனை. மூப்பின் தளர்ச்சி மறுமுனை.

டாக்ஸித் தொழிலில் இந்த ஆபத்தைக் கூட்டும் கூறுகள் ஒன்றுசேர்கின்றன. நாளொன்றுக்குப் பத்து மணிநேரத்துக்கும் மேலாக, நெரிசலில், நிற்பதும் நகர்வதுமாக ஓட்ட வேண்டும். பயணி ஏறும்போதும் இறங்கும்போதும் திரும்பிப் பார்க்க வேண்டும். வழிகாட்டித் திரையையும் கட்டணத் திரையையும் கவனிக்க வேண்டும். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை பெடல் மாற்றும் காலுக்கு, தவறும் வாய்ப்பு மிகச் சிறிதாக இருந்தாலும், கூட்டிப்பார்த்தால் அது சிறிதல்ல.

தென்கொரியாவிலும் ஜப்பானிலும் டாக்ஸி ஓட்டுநர்கள் பெருமளவில் மூத்த வயதினர். பணி ஓய்வுக்குப் பின் வாழ்வாதாரம் தேடுவோருக்கு டாக்ஸி ஒரு புகலிடம். தென்கொரியாவில் 65 வயதைக் கடந்த டாக்ஸி ஓட்டுநர்கள் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், 70 வயதைக் கடந்தவர்கள் ஆண்டுதோறும் தகுதிச் சோதனைக்கு உட்பட வேண்டும். ஆனால், அதற்குப் பதிலாக மருத்துவப் பரிசோதனைச் சான்று அளித்தால் போதும் என்ற சலுகை அந்தச் சோதனையின் கூர்மையை மழுக்கிவிட்டதாக விமர்சனம் உண்டு.

மின்சார வாகனங்கள் இதில் ஒரு புதிய அடுக்கைச் சேர்த்திருக்கின்றன. இவற்றில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் மின்னாக்கியாக மாறி வண்டியின் வேகத்தைக் குறைக்கிறது. அதனால், நகர ஓட்டத்தின் பெரும்பகுதியை ஒரே பெடலில் முடித்துவிடலாம். கால் நாள் முழுவதும் ஆக்சிலரேட்டரிலேயே குடியிருக்கிறது. பிரேக்குக்குச் செல்லும் பழக்கம் தேய்கிறது. கூடவே, மின்மோட்டார் தன் முழுத் திருகுவிசையை மிதித்த மாத்திரத்தில் வெளிப்படுத்துகிறது. பெட்ரோல் வண்டி உறுமி, தயங்கி வேகமெடுக்கும் அந்த ஓரிரு விநாடி அவகாசமும் இங்கு இல்லை. முப்பது ஆண்டுகள் எரிவாயுக் கார் ஓட்டிய ஒருவரிடம் மின்சார டாக்ஸியின் சாவியைக் கொடுக்கும்போது, அவரது உடலின் நினைவையே மாற்றிக்கொள்ளச் சொல்கிறோம். அதற்கான பயிற்சியை நாம் கொடுப்பதில்லை.

இழப்பின் அளவு: ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் 2016 டிசம்பரில் ஒரு டாக்ஸி மருத்துவமனைக் கட்டடத்துக்குள் பாய்ந்தது, 3 பேர் உயிரிழந்தனர். 64 வயதான ஓட்டுநர் பிரேக் பிடிக்கவில்லை என்றார். பெடலைத் தவறாக மிதித்தார் என்று நீதிமன்றம் முடிவுசெய்து சிறைத் தண்டனை விதித்தது. 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோவில் 87 வயது முதியவர் ஓட்டிய கார், சாலையைக் கடந்துகொண்டிருந்த ஓர் இளம் தாயையும் அவரது 3 வயது மகளையும் பலிகொண்டது. காரில்தான் கோளாறு என்று அவரும் நீதிமன்றத்தில் வாதிட்டார். 2021இல் அவருக்கு 5 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

சோல் மாநகராட்சி அலுவலகம் அருகே 2024 ஜூலை 1 இரவு, விடுதி ஒன்றின் வாகன நிறுத்தத்திலிருந்து வெளிவந்த கார், ஒருவழிச் சாலையில் எதிர்த்திசையில் பாய்ந்து 9 பேரைக் கொன்றது. ஓட்டுநர் 68 வயதானவர். தொழில்முறைப் பேருந்து ஓட்டுநர். வண்டியின் வேகம் மணிக்கு 107 கிலோமீட்டர் வரை சென்றிருந்தது. பிரேக் மிதிக்கப்பட்டதற்கான பதிவு இல்லை. அவரது வலது காலணியின் அடிப்பகுதியில் ஆக்சிலரேட்டரின் தடம் பதிந்திருந்ததைத் தடயவியல் நிபுணர்கள் கண்டனர். இரண்டு நாள்கள் கழித்து, அதே நகரின் தேசிய மருத்துவ மையத்தின் அவசர சிகிச்சைப் பிரிவு வாயிலில் ஒரு டாக்ஸி மோதியது. அதை ஓட்டிய எழுபது வயது முதியவரும் வண்டி தானாகவே பாய்ந்தது என்றே சொன்னார்.

இயந்திரம் குற்றமற்றதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. கலிஃபோர்னியாவின் சான்டீ பகுதியில் 2009 ஆகஸ்டில் ஒரு லெக்சஸ் கார் கட்டுக்கடங்காமல் ஓடி, அதில் இருந்த 4 பேரும் இறந்தனர். காரை ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல் துறை அதிகாரி, அனுபவசாலி. பொருத்தமற்ற தரைவிரிப்பில் ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டதே காரணம். தொடர்ந்து, பெடல்களே ஒட்டிக்கொண்டு மேலெழாத கோளாறும் வெளிவர, டொயோட்டா நிறுவனம் பல லட்சம் கார்களைத் திரும்பப் பெற்றது. பாதுகாப்புக் குறைகள் பற்றி மக்களைத் தவறாக வழிநடத்தியதற்காக, 2014இல் அமெரிக்க நீதித் துறையுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 120 கோடி டாலர் செலுத்தியது.

மின்னணுக் கோளாறு உண்டா என்று ஆராய அமெரிக்க அரசு நாசாவின் பொறியாளர்களை நாடியது. பெரும் வேகமெடுப்பை உண்டாக்கக்கூடிய மின்னணுக் குறை எதையும் காணவில்லை என்று 2011 பிப்ரவரியில் முடிவு வெளியானது. ஆயினும், 2013இல் ஒக்லஹோமா நீதிமன்றம் ஒன்றில், டொயோட்டாவின் மென்பொருளில் கடுமையான குறைகள் இருப்பதாக நிபுணர் ஒருவர் அளித்த சாட்சியத்தை நடுவர் குழு ஏற்று, நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

எனினும் ஓர் அடிப்படைக் கேள்வியைக் கேட்க வேண்டும். ஆக்சிலரேட்டர் பெடலில் இரண்டு உணரிகள் தனித்தனியே இயங்குகின்றன. இரண்டின் அளவீடுகளும் பொருந்தாவிட்டால் கணினி என்ஜினின் விசையைக் குறைத்துவிடும். பிரேக் அமைப்போ முற்றிலும் வேறானது. எண்ணெய் அழுத்தத்தின் மூலம் சக்கரங்களைப் பிடிக்கும் வலிமை கொண்டது. பொதுவாக ஒரு காரின் பிரேக், அதன் என்ஜினைவிட வலிமையானது. கார் தானாகப் பாய்ந்து, பிரேக்கும் பிடிக்காமல் போக வேண்டுமானால், தொடர்பற்ற இரண்டு அமைப்புகள் ஒரே நொடியில் பழுதாக வேண்டும். விபத்துக்குப் பின் சுவடின்றிச் சரியாகவும் வேண்டும். நடக்கவே முடியாது என்று சொல்வதற்கில்லை. ஆனால், நடப்பது மிக அரிது. தென்கொரியத் தேசியத் தடயவியல் நிறுவனம் 2020 முதல் 2024 நடுப்பகுதி வரை ஆராய்ந்த 364 ‘திடீர் வேகமெடுப்பு’ விபத்துகளில் 321, பெடல் தவறு என்று கண்டறியப்பட்டது. எஞ்சியவற்றில் வண்டி சிதைந்தது போன்ற காரணங்களால் முடிவுக்கு வர இயலவில்லை.

யார் நிரூபிப்பது? இங்குதான் நீதி தொடர்பான சிக்கல் எழுகிறது. கார்களில் உள்ள விபத்துத் தரவுப் பதிவுக் கருவி, மோதலுக்கு முந்தைய 5 விநாடிகளின் நிலையைச் சேமிக்கிறது. ஆனால், அது பதிவுசெய்வது காலின் அசைவை அல்ல. கணினிக்கு வந்துசேர்ந்த சமிக்ஞையை. கணினியே பிழைபட்டதென்று சொல்பவரிடம், அதே கணினியின் சாட்சியத்தைக் காட்டுவது எப்படி நியாயமாகும் என்று பாதிக்கப்பட்டோர் கேட்கின்றனர்.

தென்கொரியாவின் காங்நூங் நகரில் 2022 டிசம்பரில் பாட்டி ஓட்டிய கார் விபத்துக்குள்ளாகி, 12 வயதுப் பேரன் இறந்தான். அந்தக் குடும்பம் தன் சொந்த முயற்சியில் விபத்தை மறுபடி நிகழ்த்திக் காட்டும் சோதனைகள்வரை சென்றது. கோளாறு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தையே சேர வேண்டும் என்று கோரும் சட்டத் திருத்தத்துக்குப் பல்லாயிரம் பேர் ஆதரவளித்தனர். ஆனால், 2025 மே மாதம் கீழமை நீதிமன்றம் அக்குடும்பத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பேரனை இழந்த ஒரு பாட்டி, காரின் மென்பொருளில் குறை இருப்பதை நிரூபிக்க வேண்டும் என்பது எந்தச் சட்டத்தின்படி சரியானாலும், அதில் ஓர் ஏற்றத்தாழ்வு இருப்பதை மறுக்க முடியாது.

இந்த முட்டுக்கட்டையை உடைக்கும் எளிய கருவி, காலடிக் காமிரா. அது நிறுவனத்துக்கும் சார்பானதல்ல, ஓட்டுநருக்கும் சார்பானதல்ல. பிரேக்கை மிதித்தவரை அது காப்பாற்றும்; மிதிக்காதவருக்கு நடந்ததை விளங்கவைக்கும். பயணிகளைச் சுமக்கும் வாகனங்களிலேனும் இதைக் கட்டாயமாக்கத் தயங்க வேண்டியதில்லை.

பிழையைத் தாங்கும் வண்டி: சான்று கிடைப்பது விபத்துக்குப் பிறகு. விபத்தையே தடுக்க, ‘பெடல் தவறு தடுப்பு’ அமைப்பு உதவுகிறது. முன்னால் சுவரோ வாகனமோ இருக்கும்போது ஆக்சிலரேட்டர் திடீரென்று ஆழமாக மிதிக்கப்பட்டால், அது தவறாகவே இருக்கும் என்று கணித்து, வண்டி அந்தக் கட்டளையை ஏற்க மறுக்கும். இதற்கான ஐ.நா. ஒழுங்குமுறை 175, 2024 நவம்பரில் ஏற்கப்பட்டது. தானியங்கி கியர் கொண்ட புதிய கார்களில் இதை ஜப்பான் 2028 செப்டம்பர் முதல் கட்டாயமாக்குகிறது. தென்கொரியாவும் 2029 முதல் அதே வழியில் செல்கிறது. நின்ற நிலையிலிருந்து தடையை நோக்கிப் பாயும் வண்டியைத் தடுப்பதே இந்த விதியின் முதன்மை நோக்கம். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் நேரும் தவறுக்கு இது முழுத் தீர்வாகாது. ஆகவே, சாலையில் ஏற்கெனவே ஓடும் வண்டிகளில் பொருத்தத்தக்க கருவிகளும் பயிற்சியும் இன்றியமையாதவை.

ஓட்டுநர்கள் மனத்தில் பதிக்க வேண்டியவை சில: வண்டி எதிர்பாராமல் பாய்ந்தால், முதலில் காலைப் பெடலிலிருந்து முழுவதுமாக மேலே எடுக்க வேண்டும். பிழையின் சுழலை அறுக்கும் செயல் அது ஒன்றே. காலை எடுத்த பிறகும் வண்டி ஓடினால், பிரேக்கை விட்டுவிட்டு அடிக்காமல், ஒரே மூச்சில் அழுத்திப் பிடிக்க வேண்டும். கியரை நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும். மின்னணுக் கைப்பிரேக் உள்ள பல கார்களில் அதன் பொத்தானை இழுத்துப் பிடித்தால் வண்டி படிப்படியாக நிற்கும். தரைவிரிப்பு நகராமல் பொருந்தியிருப்பதும், பின்னோக்கி எடுக்கும் முன் கால் பிரேக்கில் இருப்பதை ஒருமுறை உணர்ந்து உறுதிசெய்வதும் அன்றாடப் பழக்கமாக வேண்டும்.

நமக்கான எச்சரிக்கை: கிளட்ச் உள்ள காரில் பீதியடைந்த ஓட்டுநர் இரண்டு கால்களையும் அழுத்தினால், கிளட்ச் என்ஜினைச் சக்கரத்திலிருந்து பிரித்துவிடும். நம் சாலைகளை நெடுங்காலம் அறியாமலேயே காத்துவந்த அரண் இது. தானியங்கி கியர் கார்களும் மின்சார டாக்ஸிகளும் பெருகப் பெருக அந்த அரண் மறைந்துவருகிறது. கிளட்ச் காரில் பழகியவர், ஒருநாள் பயிற்சிகூட இல்லாமல் தானியங்கிக் காருக்கு மாறிவிடுகிறார். மின்சார டாக்ஸிகளுக்கு மாறும் நிறுவனங்கள் தம் ஓட்டுநர்களுக்கு முறையான மாற்றுப் பயிற்சி அளிப்பதையும், பெடல் தவறு தடுப்பு அமைப்பும் காலடிக் காமிராவும் வணிக வாகனங்களில் இடம்பெறுவதையும் அரசு இப்போதே விதியாக்கலாம். கொரியாவும் ஜப்பானும் உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்ற பாடத்தை, நாம் விலை கொடுக்காமலேயே கற்றுக்கொள்ளும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது.